கச்சிராயபாளையத்துக்குப் போகாத பதினைந்து நாள்

திருக்கோவிலூர் பழைய சப்-ஜெயிலுக்கு வெள்ளையடித்து, மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவி தைலம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் அவளுக்கு முழங்கால் வலிக்கும். ஜெயில் என்றதும் எனக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டாள். நான்தான் தயங்கித் தயங்கி ஏறினேன்.

காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு இதே ஜெயிலில் பதினைந்து நாள் இருந்தவன் நான். பெண் வீட்டாரிடம் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போயிருந்ததாக ஒரே போடாகப் போட்டேன். முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பொய்யைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறேன். இவளுக்குத் தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சோறு கேட்பது?

சுற்றிக் காட்ட மார்கரெட் என்று ஒரு துடியான பெண். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சுதந்திரத்துக்குப் பிறகு சில்லறை வழக்குக்காரர்களை அடைத்தார்கள், புது ஜெயில் வந்ததும் பூட்டிவிட்டார்கள் என்று மளமளவென்று ஒப்பித்தாள்.

"இந்த ரூம்ல பதினாறு பேர் இருந்தாங்க."

பதினாறா? நாங்கள் முப்பத்தோரு பேர். ஒருவன் புரண்டால் எல்லாரும் புரளவேண்டும்.

"களியும் சாம்பாரும் ருசியா இருக்குமாம்."

அந்தச் சாம்பாரை ஒரு வாய் வைத்திருந்தால் இப்படிப் பேசமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா மொணமொணன்னுகினு வர்றீங்க?" என்றாள் தைலம்மாள்.

"ஒண்ணுமில்ல. புழுக்கம் ஜாஸ்தி."

முற்றத்துக்கு வந்தோம். "பூட்டறதுக்கு முன்னாடி கைதிங்கள எப்பிடி எண்ணுவாங்க தெரியுமா?" என்ற மார்கரெட், விசிலை ஊதி அதட்டினாள். "ரெண்டு ரெண்டா உக்காரு!"

நான் உட்கார்ந்துவிட்டேன். குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்து, பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு. நிமிர்ந்தால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். யாரோ கெக்கேபிக்கே என்று சிரித்தார்கள். தைலம்மாள் சிரிக்கவில்லை.

"எத்தினி நாளு?" என்றாள்.

"பதினஞ்சி."

"இன்னாத்துக்கு?"

"மூங்கில்துறைப்பட்டு சக்கர மில்லாண்ட நான் வண்டியோட வரிசையில நின்னுக்கினு இருந்தேன். ஒருத்தன் குறுக்க கரும்பு வண்டிய வுட்டான். அட்ச்சிட்டேன்."

"அப்ப கச்சிராயபாளையம்?"

"போவல."

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

அவள் புடவையை இழுத்துச் செருகினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெதுவாக மடக்கி, நான் விட்டிருந்த இடத்தில் குந்தினாள்.

"எண்ணிக்கம்மா," என்றாள் மார்கரெட்டிடம். "நாங்க ரெண்டு பேரு."