பதினாலாம் நம்பர் அறை

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அறிவரசன் மின்விசிறிக்கு நேர் கீழே, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில். அவருடைய மைத்துனர் அய்யம்பெருமாள், அரியலூர் – பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர், டியூட்டிக்குக் கிளம்பிய காக்கிச் சட்டையோடு கட்டில் விளிம்பில். மனைவி வெற்றிச்செல்வி அடுப்படி வாசலில், மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு. மகள் அபிநயா தரையில், சுவரோரம் அடுக்கியிருந்த அப்பாவின் டைல்ஸ் பெட்டிகளில் சாய்ந்து, பரீட்சை அட்டையில் வெள்ளைத்தாளைச் செருகி வைத்துக்கொண்டு. ஐந்தாவது ஆளாக முக்காலியின் மேல் அறிவரசனின் போன், ஸ்பீக்கரில். அதற்குள்ளிருந்து விடுதி வார்டன் ஹேமலதா பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க சார். உங்க பொண்ணுக்குத் தனி ரூம் தரோம். ஃபீஸ் அதேதான். எங்க சொந்த விருப்பத்துல கேக்குறோம்னு உங்க கையெழுத்தோட ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க."

அபிநயா பேனா மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடினாள்.

பெரம்பலூர்க் கல்லூரியில் சேர்ந்த அன்று அவள் கேட்டதே அந்தத் தனி அறையைத்தான். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, மக்காச்சோளக் காட்டைப் பார்த்த ஜன்னல். பிளஸ் டூ முழுக்க டிவிச் சத்தத்துக்கும் டைல்ஸ் பெட்டிகளுக்கும் நடுவில் படித்தவளுக்கு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற ஒரு கதவு கிடைத்தால் போதும் என்றிருந்தது. அன்றைக்கு இதே மேடம்தான், "ஃபர்ஸ்ட் இயருக்கெல்லாம் தனி ரூம் கெடையாதும்மா, ரூல்ஸ்" என்று சொல்லி, பதினாலாம் நம்பர் அறையில் மூன்று பேரில் ஒருத்தியாகப் போட்டார்.

அந்த ரூல்ஸ் இப்போது எங்கே போயிற்று என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதினாலாம் நம்பரில் இன்னொருத்தி சண்முகப்பிரியா. அன்றைக்குப் பார்த்த நிமிஷமே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். பக்கெட் நீ கொண்டு வா, அயர்ன்பாக்ஸ் நான் கொண்டு வரேன் என்பது வரைக்கும் பேசி முடித்தாயிற்று. விடுதி வேப்பமரத்தடி பெஞ்சில் சண்முகப்பிரியாவின் அம்மா முறுக்கு டப்பாவை நீட்டிக்கொண்டே கேட்டார், "விக்கிரமங்கலத்துல நீங்க எந்தப் பக்கம்?"

"காலனிங்க" என்றார் அறிவரசன், முறுக்கை எடுத்தபடி.

அந்த அம்மா டப்பாவை மூடினார். வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார்.

இன்று காலை சண்முகப்பிரியாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'சாரி அபி. நீ எங்க ரூம்ல வேணாம்னு அம்மா மேடம்கிட்ட சொல்லிட்டாங்க. உனக்கு சிங்கிள் ரூம் தருவாங்களாம். நீ கேட்டதுதானே? ஹேப்பியா இரு.' முடிவில் சிரிக்கிற மஞ்சள் பொம்மை ஒன்று. மற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அந்தப் பொம்மைதான் ஆறவில்லை.

"மேடம், நான் அபிநயா பேசறேன்" என்று போன் பக்கம் குனிந்தாள். "லெட்டர்ல காரணம்னு என்ன எழுதணும்?"

"உடம்புக்கு முடியாதுன்னு போடும்மா. வீசிங், தூக்கம் வராது, ஏதாச்சும்."

"எனக்கு வீசிங் இல்லைங்க மேடம். நல்லாத் தூங்குவேன்."

போனுக்குள் ஒரு பெருமூச்சு. "அந்த அம்மா தெனம் போன் பண்ணி என் உயிர எடுக்குறாங்கம்மா. நான் எத்தனை பேரத்தான் சமாளிக்கிறது? உனக்கும் நல்லதுதானே. லெட்டர சீக்கிரம் அனுப்பு." வைத்துவிட்டார்.

"எழுது பாப்பா" என்றார் அய்யம்பெருமாள். "நீ கேட்ட ரூமு. தானா வருது."

"கேட்டப்ப இல்லன்னாங்க மாமா."

"இப்ப இருக்குங்குறாங்கல்ல? பஸ்ல சீட்டு கெடச்சா உக்காருவியா, ஏன் கெடச்சுதுன்னு கேட்டுக்கிட்டு நிப்பியா?"

"உக்காந்திருந்தவள எழுப்பி, கடைசி சீட்டுக்குப் போன்னுட்டு, நானா ஆசப்பட்டுத்தான் போறேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னா? நீங்க குடுப்பீங்களா?"

அய்யம்பெருமாள் தோல்பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். "அந்தப் பொம்பள பெத்த பொண்ணு மூஞ்சிய வருஷம் பூரா பாத்துக்கிட்டுக் கெடப்பியா? கதவச் சாத்திக்கிட்டு நிம்மதியாப் படின்னுதான் சொல்றேன்."

அதுவும் உண்மைதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல் மூண்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபத்தை இறக்கி வைக்க இடமில்லை.

"அண்ணன் சொல்றதும் ஞாயந்தான்" என்றாள் வெற்றிச்செல்வி. "ராத்திரி தாகம் எடுக்குது, எங்க தண்ணி பாட்டிலத் தொடாதங்குறாளுவோ. என்னடி செய்வ?"

"எடுத்துக் குடிப்பேன்."

"வாயி மட்டும் வந்துடும். இங்க வூட்ல ஒரு பல்லியப் பாத்தா ஊரையே கூட்டுவா."

அறிவரசன் கால் கட்டைவிரலால் தரையில் இரண்டு கற்கள் சேரும் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரூமு உனக்குப் புடிச்சிருந்துச்சுல்ல அபி?"

"புடிச்சிருந்துச்சுப்பா. இப்பவும் புடிச்சிருக்கு." அவள் குரல் உடைந்தது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "எனக்கு அந்த ரூமு வேணும். ஆனா இப்புடி வேணாம்."

"அப்ப உனக்குச் சரின்னு படுறத எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். இல்லாத வியாதிய மட்டும் எழுதாத."

பள்ளியில் பழகியபடியே எழுதினாள். இடது பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர். பொருள்: அறை மாற்றம் கோராதது குறித்து.

'என் மகள் அபிநயா, ஒதுக்கப்பட்ட பதினாலாம் நம்பர் அறையிலேயே தங்குவாள். நாங்கள் மாற்றம் எதுவும் கேட்கவில்லை. அந்த அறையில் தங்க விருப்பமில்லாதவர் இருந்தால், அவருடைய காரணத்தை எழுதிய கடிதத்தை அவரிடமே பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாமாண்டுக்கும் தனி அறை உண்டு என்று விதி மாறியிருந்தால் எல்லா மாணவியருக்கும் தெரிவிக்கவும். அப்போது என் மகளும் விண்ணப்பிப்பாள்.'

வாசித்துக் காட்டினாள். கடைசி வரியில் வெற்றிச்செல்வி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"ரூமு போச்சு" என்றார் அய்யம்பெருமாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "குடு, பெரம்பலூருக்குத்தானே போறேன். அந்தம்மா கையிலயே குடுத்துட்டு வரேன்" என்றார்.

"வேணாம் மாமா. வரவே இல்லம்பாங்க. தபால்ல போகட்டும், ரசீது இருக்கும்."

அறிவரசன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். பசை தீர்ந்திருந்தது. வெற்றிச்செல்வி குண்டானிலிருந்து நாலு பருக்கைச் சோறு கொண்டுவந்து தந்தாள். அபிநயா அதை மசித்துத் தேய்த்து, உறையின் வாயை மடக்கி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தினாள். அது ஒட்டிய பிறகும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லி நீட்டினாள். அங்கிருந்தவர் எடை போட்டார். "பெரம்பலூர்தானே? பஸ்ஸுல போனா நீயே குடுத்துட்டு வந்துடலாமேம்மா?"

"இல்லைங்க சார். நீங்களே அனுப்புங்க."

முத்திரை இரண்டு தரம் விழுந்தது. மக்காச்சோளக் காட்டைப் பார்த்த அந்த ஜன்னல் ஒரு கணம் கண்ணில் வந்து நின்றது. அவர் கடிதத்தைப் பைக்குள் போட்டார்.