சிவநேசம் தொடாத பந்து

பிரெஞ்சும் புழங்குகிற கர்க்லாண்டின் ஞாயிற்றுக்கிழமை பேஸ்போல் குழுவில் எல்லாரும் கிரிக்கெட் ஆடி வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர்கள் மட்டை வீசின வீச்சில் பக்கத்து வீடுகளில் காயப்போட்ட உடுப்பெல்லாம் ஈரம் உலர்ந்தது. பந்தில் மட்டும் படவில்லை. கோடை பாதி போயும் எடுத்த ஓட்டங்களை ஒரு கையில் எண்ணிவிட்டு, மிச்ச விரலால் மூக்கும் சொறியலாம்.

பழி சிவநேசத்தின் தலையில் விழுந்தது. குழுவில் அவர்தான் மூத்தவர். அணித் தலைவன் ஸ்ரீதரன் அவருடைய சொந்தத் தங்கையின் மகன். அடுத்த ஞாயிறு மாமாவுக்கு ஓய்வு என்று அவன் வீட்டில் சொன்னது, சொல்லி முடிக்க முன்னமே அவர் காதுக்கு வந்துவிட்டது. அந்த ஞாயிறுதான் அவருடைய கிழமை முழுக்கவும். மற்ற நாட்களை அதற்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அடிக்கப் பழக்குவதற்கென்று கத்தரின் வந்தாள். பகலில் கார்டெரி ஒன்றில் சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறவள். இவர்களைப் பார்த்ததும் அவளுக்கு வேலைக்கு வந்த மாதிரியே இருந்ததாம். ஏணி வைத்தாலும் எட்டாத பந்துக்கு ஏன் வீசுகிறீர்கள் என்று கேட்டாள். எட்டாத இடத்தில் நாலு பந்து வந்தால், சும்மா நிற்கிறவனுக்கே, ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸ் இனாம். இதில் மிஸ்யூ சிவநேசம் மூன்று பந்தை ராசா மாதிரி விடுகிறார், நாலாவதைப் பூனை மாதிரித் துரத்துகிறார், அது ஏன் என்றாள்.

"அடிக்காமல் ஓடுறது பிச்சை எடுக்கிற மாதிரி, பிள்ளை," என்றார் சிவநேசம், தன் உடைந்த பிரெஞ்சில்.

கத்தரின் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னொரு ஆட்டம் கொடு என்று ஸ்ரீதரனிடம் கேட்டு வாங்கினாள். எட்டாத பந்துக்கு இன்னொருமுறை வீசினால் தானே அவரை வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொன்னாள்.

அந்த ஞாயிறு எதிர்த்து ஆட நோத்ர-டாம்-த-கிரேஸ்காரர் வந்தார்கள். நம்மாட்கள் கையைக் கட்டிப்போட்ட மாதிரி நின்று, நல்ல பந்தை மட்டும் அடித்தார்கள். ஓட்டம் குவிந்த வேகத்தில் ஓட்டம் எழுதினவருக்குக் கை சுளுக்கியது. எதிரணியும் விடவில்லை, கடைசியில் இரண்டு பக்கமும் சமம். மூன்று பேஸிலும் ஆட்கள் நின்றார்கள். இனி ஒருவன் ஆட்டமிழந்தாலும் முடிந்தது. மட்டையோடு போனவர் சிவநேசம். அவருக்கு முதல் பேஸ் கிடைத்தால், எல்லாரும் ஒரு பேஸ் முன்னே தள்ளப்பட்டு, மூன்றாவதில் நிற்கிற ஸ்ரீதரன் தானாகவே உள்ளே வந்துவிடுவான்; வெற்றி.

மூன்று பந்து வெளியே போனது. விட்டார்.

"மாமா, தொடாதேங்கோ," என்று ஸ்ரீதரன் கும்பிடாத குறையாகச் சொன்னான்.

நாலாவது, ஜான்-டலோன் சந்தைப் பூசணிக்காய் அளவில், மெதுவாக, கைக்கு எட்டாத தூரத்தில் வந்தது. சிவநேசத்தின் தோள் தன்பாட்டில் எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறக்கினார். பந்து போனது. நடுவர் முதல் பேஸைக் காட்டினார்.

வெட்கத்தில் தலை குனிந்து, மட்டையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். பேஸை மிதித்தால்தான் ஓட்டம் கணக்கு; அதற்கு முன்னமே பெடியள் வந்து தூக்கிவிடாமல் கத்தரின் மறித்து நின்றாள்.

"அடுத்த கிழமையும் நீங்கள்தான் மாமா," என்றான் ஸ்ரீதரன்.

"ஓம், வாறன். ஆனா லண்டன்ல இருக்கிற எங்கட சொந்தக்காரரோட கதைக்கேக்க, மாமா அடிச்சவர் எண்டு சொல்லு."

ஸ்ரீதரன் சொன்னான். லண்டனில் அந்தப் பந்து இன்னும் கீழே விழவில்லை.