ஆறு வாரம் கழித்து வந்த பிரியாணி

2025 மார்ச் 9, ஞாயிறு. எழிலரசியின் குறை இதுதான்: அவள் வேண்டாமென்று சொல்வதை வீட்டில் எவரும் காதில் வாங்குவதில்லை.

அவள் வேலை செய்யும் அம்பத்தூர் ஆலையில் சர்க்கரை நோயாளிகளுக்கு நடந்த, சோற்றுக்குப் பதில் கேழ்வரகு தின்னும் ஆறு வார உணவுப் பயிற்சி முந்தைய நாள்தான் முடிந்தது. அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது, மீண்டும் ஏறினால் இன்சுலின் ஊசிதான் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கணவன் ரவிச்சந்திரனோ, மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் இருந்த விரதம் முடிந்ததைப் போலப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"ஆறு வாரம் முடிஞ்சிச்சில்ல? இன்னும் இன்னா கேவுரு? துன்னும்மே!"

"இது வேண்டுதல் இல்லய்யா. நாளைக்கும் இப்டித்தான் துன்னணும்."

"ஒரு நாள்ல இன்னா ஆயிடும், சாமியாரம்மா?"

"அந்த ஒரு நாளுக்குத்தான் பயந்துகினு கீறேன்."

அவன் கேளாமலே இரண்டு கரண்டி வைத்தான். வாசனை அவளை இழுத்தது. தட்டை நகர்த்தினாள். அவன் மீண்டும் முன்னே தள்ளினான்.

வாசகரே, உங்கள் வீட்டில் ஒருவர் வேண்டாமென்றால், கரண்டியைக் கீழே வையுங்கள்.