நாகலக்ஷ்மி வைத்த இரண்டாம் கதவு

டெக்சாஸ் மாநிலத்தின் பிளானோ நகரில், லெகசி வளாகத்தில் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஒரு சனிக்கிழமை காலை ஜெபதாஸ் தனியாக உட்கார்ந்து ஒரு மென்பொருளோடு மன்றாடிக்கொண்டிருந்தார். எத்தனை முறை எழுப்பினாலும் அது எழுந்திருக்க மறுத்தது. மணி பத்தரை. பன்னிரண்டு அடித்தால் மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களிலிருந்து படங்கள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் அதை எழுப்பியாக வேண்டும்.

அந்த நிறுவனத்தின் வேலை எளிமையானது, புண்ணியமானதும்கூட. கண் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு அவர்களுடைய வண்டி போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் விழித்திரையைப் படமெடுத்து பிளானோவுக்கு அனுப்பும். அனுப்பி முடித்ததும் வண்டியிலுள்ள கருவி தன்னிடமிருக்கும் பிரதியை அழித்துவிடும். வந்த படங்களை வாங்கி வைத்து, திங்கட்கிழமை மருத்துவர்கள் கையில் சேர்க்கும் கோப்புப் பரிமாற்ற சர்வரைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றும் பொறுப்பு ஜெபதாஸுடையது. மாற்றும் வேலைக்காக அன்றாடக் காப்புப் பிரதி எடுப்பதை வியாழக்கிழமையே நிறுத்தியிருந்தார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை வந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் உலகத்திலேயே சர்வரின் அந்த ஒரு வட்டில்தான் இருந்தன. அவற்றுள் ஒன்றின் அருகே வண்டியில் வந்த பணியாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: எண்பது மைல் தள்ளிய பண்ணையிலிருந்து வந்தவர், வலக்கண் மங்கல், மறுபடி வர இயலாது.

சமையலில் தேர்ந்த ஒருவர் ஒரு புதிய வீட்டுக்கு வேலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சமைக்க அவருக்குத் தெரியும். அரிசி எந்த அலமாரியில் இருக்கிறது, எத்தனை பேருக்கு இலை போட வேண்டும் என்பதை வீட்டுக்காரர்தான் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். மென்பொருளும் அப்படித்தான். எந்த வாசலில் காத்திருப்பது, வந்த கோப்புகளை எங்கே அடுக்குவது, பாதியில் அறுந்துபோனவற்றை எங்கே ஒதுக்குவது என்பனவற்றை அதை எழுப்புகிறவர் சீட்டாகக் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். சூழல் மாறிகள் என்பவை அந்தச் சீட்டின் வரிகள்.

இந்தச் சர்வருக்கு அத்தகைய வரிகள் ஏழு. பழைய கணினியில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஜெபதாஸ் அவற்றைப் புதியதில் பிழையின்றித் தட்டச்சு செய்திருந்தார். கேட்டுப் பார்த்தால் கணினி ஏழுக்கும் சரியாகப் பதில் சொன்னது. ஆனால் சர்வரைத் தொடங்கினால் மட்டும், அரைகுறைக் கோப்புகளுக்கான இடம் சொல்லப்படவில்லை, நான் தொடங்க மாட்டேன் என்று ஒரே வரியில் படுத்துவிட்டது. தன் கண்ணுக்குத் தெரிவது அதன் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை.

அந்தப் பிடிவாதத்தை எழுதி வைத்தவர் நாகலக்ஷ்மி. ஜெபதாஸோடு நான்கு ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தவர். ஏழு வரிகளில் ஒன்று குறைந்தாலும் சர்வர் தொடங்கக் கூடாது என்று தொடக்க நிரலில் காவல் போட்டவர். பிப்ரவரி மாதக் கூட்டத்தில் அந்த நிரலைத் திரையில் காட்டியபோது ஜெபதாஸ் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "இது என்னங்க, ஏர்போர்ட் செக்யூரிட்டி மாதிரி? ஒவ்வொரு வேரியபிளுக்கும் பெல்ட்டைக் கழட்டச் சொல்றீங்க."

அறையே சிரித்தது. நாகலக்ஷ்மியும் சிரித்தார், வரிகளை மட்டும் எடுக்கவில்லை. மார்ச்சில் ஆள்குறைப்பு வந்தது. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஜெபதாஸ் ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பியதோடு சரி. நாகலக்ஷ்மி நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

பத்தே முக்காலுக்கு மேலாளர் மதன் மகளின் கால்பந்து ஆட்டத்திலிருந்து கூப்பிட்டார். ஜெபதாஸ் நிலைமையைச் சொன்னார்.

"அந்த செக்தானே தடுக்குது?" என்றார் மதன். "அதை கமென்ட் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க ஜெபா. மண்டே நிதானமா பாத்துக்கலாம்."

"நானும் அதான் நெனச்சேன்," என்றார் ஜெபதாஸ். உண்மையாகவே அதைத்தான் நினைத்திருந்தார்.

தொடக்க நிரலைத் திறந்து, காவல் வரியின் முன்னால் ஒரு குறியை இட்டார். அந்தக் குறி இருந்தால் கணினி அவ்வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். சேமித்தார். அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. தொடங்கும் ஆணையைக் கொடுத்தார்.

சர்வர் மறுபடியும் மறுத்தது. ஆனால் இம்முறை திரையில் வந்தது ஒரே வரியன்று, ஒரு கடிதம். ஆங்கிலத்தில் இருந்த அது தமிழில் இப்படி வரும்:

"முதல் கதவைக் கழற்றிவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதற்கு அடுத்த வரி, அரைகுறைக் கோப்புகள் இருக்கும் இடத்தை முழுவதும் துடைத்துவிடும். இடம் எதுவென்று சொல்லாவிட்டால், கணினியின் வேரிலிருந்தே துடைக்கத் தொடங்கும். கீழே என் எண் இருக்கிறது. வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். நாகலக்ஷ்மி."

ஜெபதாஸ் அந்த அடுத்த வரியைத் தேடிப் படித்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. கடிதத்தில் ஒரு சொல்லும் மிகையில்லை. படங்கள் இருந்த வட்டும் இந்தக் கணினியோடுதான் இணைந்திருந்தது. இரண்டாம் கதவு இல்லாதிருந்தால், அவர் ஆணை கொடுத்த சில நொடிகளுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கண்களும் காற்றில் கரைந்திருக்கும். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கூப்பிட வெட்கமாக இருந்தது. வெட்கப்படாமல் என்று அவர் எழுதியிருந்ததுதான் தொலைபேசியை எடுக்க வைத்தது.

நாகலக்ஷ்மி நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு அருகே ஓர் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னணியில் வண்டிகளை உருட்டும் ஓசை கேட்டது.

"ஜெபதாஸா? சொல்லுங்க. மொதல் கதவா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"அப்போ மொதல் கதவைக் கழட்டியாச்சு. பெல்ட்டோட சேத்தா?"

ஜெபதாஸுக்குச் சிரிப்பு வந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நாகலக்ஷ்மி குறுக்கிடாமல் கேட்டார். படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, ஏழு வரிகளையும் எங்கே எழுதினீர்கள் என்றார்.

"டெர்மினல்ல டைப் பண்ணேன். கேட்டா கரெக்டா காட்டுது."

"உங்களுக்குக் காட்டும். அது உங்க சட்டைப் பையில இருக்கிற சீட்டு. சர்வரை ஸ்டார்ட் பண்றது நீங்க இல்ல, சிஸ்டம். அது உங்க பைக்குள்ள கை விட்டுப் பாக்காது." அவர் குரல் சற்று மெதுவானது. "சர்வருக்குன்னு தனியா ஒரு என்விரான்மென்ட் ஃபைல்ல அந்த ஏழையும் எழுதி வெச்சிருக்கேன். பாஸ்வேர்டு இருக்கிறதால கோடோட சேத்து வைக்கல. அதான் உங்க கண்ல படல. பழைய மெஷின்ல தேடுங்க, இருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி, மொதல் கதவை மாட்டுங்க."

ஜெபதாஸ் தாம் இட்ட குறியை அழித்து முதல் காவலை மீட்டார். பழைய கணினியில் அந்தச் சிறு கோப்பு இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்கென்று ஒரு குறிப்பும் இருந்தது, வரப்போகிறவருக்காக எழுதியதுபோல. அதைப் புதியதில் அதற்குரிய இடத்தில் வைத்து, சர்வர் அதைத்தான் படிக்க வேண்டும் என்று அமைத்து, ஆணை கொடுத்தார். நாகலக்ஷ்மி தொலைபேசியைத் துண்டிக்காமல் காத்திருந்தார்.

சர்வர் எழுந்தது. மணி பதினொன்று இருபது. ஜெபதாஸ் படங்களை எண்ணச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு.

"எல்லாம் இருக்கு," என்றார். பிறகு, நெடுநாளாக விழுங்கி வைத்திருந்ததை எடுத்தார். "ஃபெப்ரவரியில அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்க பேர் லிஸ்ட்ல வந்தப்பவும் நான் வாயே தொறக்கல."

"தொறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் நாகலக்ஷ்மி. குரலில் கசப்பில்லை, இல்லாததைச் சொல்லி அவரைத் தேற்றவும் இல்லை. "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த மீட்டிங் வரைக்கும் ஒரே ஒரு கதவுதான் இருந்துச்சு. நீங்க கிண்டல் பண்ண அன்னிக்குத்தான், இதைக் கழட்ட ஒருத்தர் வருவாருன்னு தெரிஞ்சுது. சாயங்காலமே ரெண்டாவதை எழுதிட்டேன்."

ஜெபதாஸ் தம்முடைய கேலி போன வழியை மனத்துக்குள் நடந்து பார்த்தார். அது ஒரு பெண்ணின் கையில் விழுந்து, கதவாகி, தம்மையே தடுத்து நிறுத்தியிருக்கிறது.

"ரொம்ப நன்றிங்க," என்றார் கடைசியில். இத்தனைக்கும் அந்த ஒரு சொல்தானா என்று அவருக்கே குறையாக இருந்தது.

"சரி, வைக்கட்டுமா? நல்ல முருங்கைக்காயை எல்லாம் பக்கத்துல ஒரு அங்கிள் அள்ளிட்டுப் போறாரு."

தொலைபேசி அடங்கியதும் ஜெபதாஸ் தொடக்க நிரலை மீண்டும் திறந்தார். நாகலக்ஷ்மியின் கடிதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அதற்கு மேலே சில வரிகள் சேர்த்தார்: "இந்தக் கதவுகளைக் கேலி செய்தவனும் நான்தான், இவற்றால் காப்பாற்றப்பட்டவனும் நான்தான். முதலில் என்னைக் கூப்பிடுங்கள். அவரைக் கடையில் தொந்தரவு செய்ய வேண்டாம்." கீழே தம் பெயரையும் எண்ணையும் இட்டு மதனின் ஒப்புதலுக்கு அனுப்பினார்.

மதன் உடனே கூப்பிட்டு, பெர்சனலான விஷயமெல்லாம் கோடில் எதற்கு என்று கேட்டார். கமென்ட் பண்ணச் சொன்ன அந்த வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை ஜெபதாஸ் விளக்கினார்.

"இருக்கட்டும்," என்றார் மதன். "மண்டே மீட்டிங்ல இதை நானே சொல்றேன். அவங்க பேரோட."

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு முதல் கோப்பு வாசலுக்கு வந்தது. அரைகுறைக் கோப்புகளின் அறையில் அது துளித்துளியாக வளர்ந்தது. முழுமை பெற்றதும் தானாக எழுந்து மற்றப் படங்களோடு போய்ச் சேர்ந்தது. ஜெபதாஸ் மறுபடி எண்ணச் சொன்னார். நானூற்றுப் பதின்மூன்று.