ரொட்டி வண்டியின் எஞ்சின்

மரச்சுத்தியலை மூன்றாவது முறை ஓங்கியபோது லியோனா தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறந்துட்டு அடி அக்கா," என்றான் அவள் தம்பி ஓரின். "இருக்கறது ஒரே ஒரு டர்போ."

"நீ வாய மூடிட்டுப் பாரு. அது போதும்."

சுத்தியல் இறங்கியது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்த டர்போவின், நத்தை ஓடு போலச் சுருண்டிருந்த அலுமினியக் கூடு அசையவில்லை. அதன் வாய் வண்டியின் இரும்புச் சட்டத்தை முறைத்தபடி அப்படியே இருந்தது. அது ரேடியேட்டர் பக்கமாகத் திரும்பினால்தான் காற்றுக்குழாயை மாட்ட முடியும். குழாய் மாட்டாமலும் எஞ்சினைக் கிளப்பலாம். ஆனால் ஓரின் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

அறுவடை முடிந்து இரண்டு வாரம். பட்டறையின் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே கோதுமைத் தாள்களின் மேல் உறைபனி இன்னும் இளகவில்லை. லியோனாவும் ஓரினின் மனைவி ட்ரூடியும் சேர்ந்து, வீட்டுக் கூடத்தில் கிடந்த சாய்வு நாற்காலியைக் காலையிலேயே இங்கே இழுத்து வந்திருந்தார்கள். அதில் மூன்று போர்வைக்குள் ஓரின் கிடந்தான். ஐம்பத்து நான்கு வயது. புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு வாரம் என்று டாக்டர் சொல்லி ஐந்து நாளாகிவிட்டது.

காலை மருந்தை அவன் போட்டுக்கொள்ளவில்லை. "அதப் போட்டா வலி போயிடும், நானும் போயிடுவேன். வண்டி கிளம்பட்டும்," என்று சொல்லிவிட்டான். பதினோரு மணிக்கு நர்ஸ் வருவாள். அவளிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. இப்போது மணி ஒன்பதரை.

பழைய பிக்கப் வண்டி. அதன் பெட்ரோல் எஞ்சின் போன வருஷமே செத்துவிட்டது. நொறுங்கிக் கிடந்த ஒரு ரொட்டி வண்டியிலிருந்து இந்த டீசல் எஞ்சினைக் கழற்றி வந்தவன் ஓரின். இறக்கிப் பொருத்தியவள் லியோனா. இருபத்தாறு வருஷமாக ஊர்ச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டுகிறவள். அதன் எஞ்சினுக்குள்ளும் அவளே கையை விடுவாள்.

"பேசாம சட்டத்த வெட்டிடு," என்றான் ஓரின்.

"வெட்டி ஒட்டி முடிக்க ரெண்டு நாள் ஆகும்டா…" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓரின் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. "ரெண்டு நாளா? அப்ப வேணாம். நீ அடி."

லியோனா சுத்தியலைக் கீழே வைத்தாள். "ட்ரூடி, அந்தச் சூடு பண்ற துப்பாக்கிய எடு."

ட்ரூடி சுடுகாற்றை ஊத, லியோனா கூட்டின் விளிம்பைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டினாள். நடுத்துண்டு திரும்பக் கூடாது. அதற்குள் போகிற எண்ணெய் நேராகக் கீழே வடிய வேண்டும். வெளிக்கூடு மட்டும் சுழல வேண்டும். கோணலாக இழுத்தால் உள்ளே இருக்கும் சக்கரத்தின் இறக்கை உரசும். உரசினால் எல்லாம் முடிந்தது.

"வேகமா," என்றான் ஓரின். நாற்காலியின் கையை அவன் இறுக்கிப் பிடித்திருந்ததை ட்ரூடி பார்த்தாள்.

கூட்டின் மேல் கட்டையை வைத்து, சுத்தியலால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக. மணலை மென்றாற்போல் ஒரு சத்தம்.

"அசஞ்சுது!" ஓரின் போர்வையை உதறிக்கொண்டு எழப் பார்த்தான். "அக்கா, அசஞ்சுது! நான் பாத்தேன்!"

"உக்காருடா பைத்தியக்காரா!"

லியோனா இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். ஒரு விரல் அகலம். இரண்டு. கூட்டின் வாய் சட்டத்தைவிட்டு விலகி முன்னால் வந்து நின்றது. உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தைத் தட்டினாள். எங்கும் உரசாமல், சத்தமே இல்லாமல் சுற்றியது. கூட்டை இறுக்கும் வளையத்தை முறுக்கினாள். குழாய் ஒரே தள்ளலில் உட்கார்ந்தது.

"மாப்பிள்ள மாதிரி உக்காந்துட்டான்," என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

டீசலை அடைத்து வைத்து, எண்ணெய் மேலேறும்வரை எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டாள். பிறகு டீசலைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள். முனகியது. இருமியது. கதவுக்கு வெளியே புகைக்குழாய் ஒரு கரிய மேகத்தைக் கக்கியது. அடுத்த நொடி பட்டறையின் தகரமெல்லாம் அதிர எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ட்ரூடி குதித்தாள். உண்மையாகவே குதித்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எஞ்சின் மூடி கழற்றிக் கிடந்ததால் முன்கண்ணாடி வழியே லியோனாவுக்கு ஓரினின் முகம் நேராகத் தெரிந்தது. பல் முழுக்கத் தெரியச் சிரித்தான். கட்டைவிரலை மேல் நோக்கி ஆட்டினான். இன்னும், இன்னும்.

அவள் மிதித்தாள். இரைச்சலுக்கு மேலே மெலிதாக ஒரு விசில் கிளம்பி உயர்ந்தது. டர்போ.

"கேக்குதாடா?" என்று கத்தினாள்.

அவன் உதடு ஏதோ சொன்னது. மறுபடி விரல். அவள் மறுபடி மிதித்தாள். இந்த முறை நீளமாக, விசில் உச்சிக்குப் போகும்வரை. தானும் சேர்ந்து கூவினாள். காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் கை மடியில் இறங்கியிருந்தது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண் எஞ்சினைப் பார்த்தபடி இருந்தது.

ட்ரூடி அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். கழுத்தில் கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டுக் கண்ணாடி வழியே லியோனாவைப் பார்த்தாள்.

லியோனா அசையவில்லை. ட்ரூடி எழுந்து வண்டியின் ஜன்னலருகே வந்தாள்.

"நிறுத்து லியோனா."

"டர்போ சூடா இருக்கு," என்றாள் லியோனா. "மிதிச்ச உடனே நிறுத்தக் கூடாது. எண்ணெ உள்ளயே கருகிடும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடணும்."

ட்ரூடி சுற்றிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. இருவரும் டர்போவின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கிக்கொண்டே வந்து, இனி நிறுத்தலாம் என்ற இடத்தில் நின்றது. சாவியை யாரும் தொடவில்லை.