காற்று வரும் வரை

“இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்று டாக்டரம்மா சொன்னதும் கட்டிலில் இருந்த மனைவியின் முகம் மலர்ந்தது; கணவரோ பதறிப்போனார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டு கத்தினாலும் பதறாத மனுஷன். ஆனால் ஒரு வாரமாகப் புகையும் தூசும் கலந்து ஊரின் மேல் அசையாமல் நிற்கிறது. ஒரு இலை ஆடவில்லை. அவர்கள் வீடு பெரிய சாலையை ஒட்டிய முதல் மாடி. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அந்த வீட்டில்தான் அவள் மூச்சுக்குத் தவித்து, உதடு நீலம் பாரித்து, அவர் தோளைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டாள். இங்கே வார்டில் ஜன்னல்களை இறுகச் சாத்தி, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். இதை விட்டு அங்கே கூட்டிப் போவதாவது!

“காத்து கொஞ்சம் சரியாகட்டும் டாக்டர். ரெண்டே நாள்.”

“எல்லாருக்கும் அதே காத்துதாங்க. பெட் இல்லாதவங்களை வெளிய நாற்காலியில உக்கார வெச்சு ஆக்சிஜன் குடுத்துட்டு இருக்கோம். அடுத்தவங்களைப் பாத்துட்டு வந்து டிஸ்சார்ஜ் எழுதித் தர்றேன்.”

டாக்டரம்மா நகர்ந்ததும் அவர் மனைவியின் காதருகே குனிந்தார். “அவங்க திரும்பி வர்றப்ப இருமு.”

“இருமல் வரலையே.”

“வர வெச்சுக்கோ. இல்லாத தலைவலியச் சொல்லி உங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நான் வராம இருந்ததில்லையா?”

“ஓ, அதெல்லாம் புளுகா?” என்று முறைத்தாள். சிரிப்பும் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியே பழகியவள், அன்று பார்த்துக் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டை நினைத்தால் அவளுக்கும் பயம்தான். டாக்டரம்மா வந்தார். இருமினாள். அடேயப்பா, என்ன இருமல்! சொல்லிக்கொடுத்தவருக்கே பகீரென்றது. டாக்டரம்மா அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, கணவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். தூக்கம் கெட்ட கண்கள். வாதாடத் தெம்பில்லை போலும்.

“சரி, நாளைக்குப் பாக்கலாம்.”

ஜெயித்துவிட்ட மிதப்பில் அவர் டீ வாங்கக் கிளம்பினார். வராந்தாவில் கதவை ஒட்டிய நாற்காலியில் ஒரு அம்மாள், முகத்தில் மாஸ்க்குடன், தோள்கள் ஏறி இறங்க, ஒவ்வொரு மூச்சையும் பாடுபட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன். பெயின்டர், நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

“அண்ணே, உங்க வீட்டம்மா இன்னைக்குக் கெளம்புறாங்களா? அந்த பெட் எங்களுக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்க. இவளால உக்காரவே முடியலை.”

“இல்லைங்க. மறுபடி இருமல்.”

“அய்யோ பாவம்” என்றார் பெயின்டர். மனசாரத்தான் சொன்னார். “நல்லா குணமாகட்டும்ணே. நாங்க சமாளிச்சுக்குறோம்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீயை வாங்கி வந்து பெயின்டரின் கையில் கொடுத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வார்டுக்குத் திரும்பினார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்து, வாயை மூடி, நிம்மதியான தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. ஒரு ராத்திரிதானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் வராந்தாவில் ஆட்கள் ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தார். டாக்டரம்மா தரையில் மண்டியிட்டு அந்த அம்மாளின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பெயின்டர் அழவில்லை. மாஸ்க்கின் ரப்பர் பதிந்திருந்த அவள் கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

கட்டிலில் படுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ? என்ன செய்திருந்தாலும் போய்த்தான் இருப்பாளோ? யாரைப் போய்க் கேட்பது?

“என்ன சத்தம்?” என்றாள் மனைவி, கண் விழித்து. “கதவுக்கிட்ட ஒரு அம்மா மூச்சு வாங்கிட்டு இருந்தாங்களே, அவங்களுக்கு எடம் கெடைச்சுதா?”

“கெடைச்சிருச்சு.”

“அப்பாடா. பொய்யா இருமினது உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க.”

அவர் போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. “காத்து! காத்து!” என்று யாரோ கத்தினார்கள். நடக்க முடிந்தவர்களெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மரங்கள் தலைவிரித்து ஆடின. சாம்பல் நிறம் கலைந்து, காணாமல் போயிருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அவரும் போய் நின்றார்.

கீழே வாசலில் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் போர்த்திய துணியைக் காற்று தூக்கித் தூக்கி அடித்தது. பெயின்டர் கால்மாட்டில் அமுக்கினால் தலைமாட்டில் எழும்பியது. தலைமாட்டுக்கு ஓடினால் கால்மாட்டில் பறந்தது.

“ஏங்க, அப்படி என்னத்தப் பாக்குறீங்க? இருங்க, நானும் வர்றேன்” என்று அவள் கட்டிலிலிருந்து காலை இறக்கி, செருப்பைத் துழாவினாள்.