மணி நிற்கும்வரை

கரண்டியால் தம்ளரை மூன்று தட்டுத் தட்டி, "தலைப்பை மட்டும் வாசி. விவாதம் அப்புறம்," என்றார் பெரியண்ணன்.

சாப்பாட்டு மேசையில் எல்லார் கையும் தட்டோடு நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த தங்கை பாத்திரத்தைக் கீழே வைத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் மறுபடியும் கல்யாணம் பண்ணிக்க அனுமதி கேக்குற மசோதா," என்றாள்.

சின்னண்ணனுக்குப் புரையேறியது. அவனுக்கென்று தண்ணீர் ஊற்றிய அண்ணி, கொடுக்க மறந்து தானே குடித்துவிட்டாள். அம்மா மட்டும் நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

"முதல் வாசிப்பு முடிஞ்சுது," என்று பெரியண்ணன் மறுபடி தம்ளரைத் தட்டினார். முகம் சிவந்திருந்தாலும் முறை தவறவில்லை.

இந்த முறையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியண்ணன் நாடாளுமன்றத்தில் வாயிற்காவலர். சபாநாயகர் வரும்போது கதவைத் திறந்து விறைப்பாக நிற்பார். வாக்கெடுப்பு மணி அடித்தால் உறுப்பினர்கள் சிற்றுண்டிச்சாலையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் ஓடி வருவார்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை கதவு திறந்திருக்க வேண்டும். மணி நின்றதும் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு பிரதமரே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. அந்தச் சாவி கையில் இருக்கும் கொஞ்ச நேரம் தன்னைவிடப் பெரியவர் நாட்டில் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டதில் தப்பில்லை. அந்த நினைப்பைச் சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் தப்பு.

வீட்டில் எது நடக்க வேண்டுமானாலும் மசோதா வர வேண்டும். மூன்று வாசிப்பு, நடுவில் ஒரு குழு, கடைசியில் வாக்கெடுப்பு. தெருவில் அவருக்குச் சபாநாயகர் என்றே பெயர். அது கேலி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாசல் அழைப்புமணியின் பொத்தான் அழுத்தினால் உள்ளே சிக்கிக்கொண்டு, யாராவது நகத்தால் நெம்பும்வரை வீறிடும். அதை மாற்றும் மசோதா போன வருஷத்திலிருந்து குழுவில் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கதவைத் தட்டினார்கள்.

வாக்கு ஆண்களுக்கு மட்டும். அண்ணியின் வாக்கு பெரியண்ணன் வாக்குக்குள் அடக்கம். அம்மாவின் வாக்கும் அதற்குள்ளேயே. தங்கையின் வாக்கு அவள் புருஷனிடம் இருந்தது. அவர் விபத்தில் போய்ச் சேர்ந்ததும் வாக்கும் அவரோடு போய்விட்டது என்று பெரியண்ணன் எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு தங்கைக்குத் துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய பின்னறை. காலையில் மருந்துக்கடையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் அடுப்படி. குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது கேமராவை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். அதனால் இந்த வீட்டின் எந்தப் படத்திலும் அவள் இல்லை. அண்ணி மட்டும் ஒருமுறை, படமெல்லாம் ஆடாமல் வந்திருக்கிறது என்று பாராட்டினாள்.

மாப்பிள்ளை மருந்துக்கடைக்கு எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அதிகம் பேசாதவர். பேசினால், "இப்ப தெரியுதா?" என்பார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று தங்கைக்குத் தோன்றியிருக்கிறது.

இரண்டாம் வாசிப்பு விடுமுறை நாளில் நடந்தது. விதவைத் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்த வீட்டில் தனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சின்னண்ணன் கேட்டான். அவனுக்கு ஏற்கெனவே யாரும் கொடுக்கவில்லை என்பதை அவையில் யாரும் குறுக்கிட்டுச் சொல்லவில்லை. தங்கை நன்றாக இருக்கட்டும் என்று அண்ணி மனதார வாழ்த்தினாள். வாழ்த்திய கையோடு, பிள்ளைகளுக்குக் காலையில் யார் சமைப்பது என்று கேட்டாள். பேச்சு அம்மாவிடம் வந்தது.

"அவன் எனக்குப் போட்டுக் குடுத்த கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. மத்தது எனக்கென்ன தெரியும்," என்றாள் அம்மா.

பெரியண்ணன் அந்தப் பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார். குறிப்பு யாரும் எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவரே எழுந்தார். தான் பத்தாம்பசலி இல்லை என்பதற்கு, தெருவுக்கே மனப்பாடமான கதையை மறுபடி சொன்னார். வயது வந்த இருவர் வீட்டார் சம்மதம் கேட்காமல் பதிவாளர் முன் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் வந்த அன்று, வாக்கெடுப்புக்குக் கதவைப் பூட்டியவரே இவர்தான். அது செல்லாது என்று ஒரு ஊர்ச்சபை தீர்மானம் போட, நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை அதற்குக் கீழே இருக்கும் எந்தச் சபையும் வெட்ட முடியாது. மாற்றுவதானால் நாடாளுமன்றமேதான் மாற்ற வேண்டும். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

"ஆனா இது வீடு," என்று முடித்தார்.

மசோதா குழுவுக்குப் போனது. குழு என்பது இரண்டு அண்ணன்களும் மொட்டைமாடியும். இறங்கி வந்தபோது திருத்தங்கள் வந்திருந்தன. சின்னண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகே தங்கை கல்யாணம். அதன் பிறகும் அவள் காலையில் இங்கே வந்து சமைத்துவிட்டுப் போக வேண்டும். மாப்பிள்ளை பின்வாசல் வழியாக வரலாம், விருந்தாளிகள் இல்லாத நாளில். படம் எடுக்கக் கூடாது.

மூன்றாம் வாசிப்பு அன்று சாயங்காலம் பெரியண்ணன் இத்தனையையும் வாசித்து வாக்குக்கு விட்டார். ஆதரவு இரண்டு. எதிர்ப்பு இல்லை, எதிர்க்க வாக்கு இருந்தவர்கள் யாரும் இல்லை.

"ஏகமனதா நிறைவேறிச்சு," என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார். தான் செய்தது பெரிய தயவு என்று உண்மையாகவே நம்பினார். "இப்ப சந்தோஷந்தானே?"

தங்கை பின்னறைக்குப் போய் ஒரு பையோடு வந்தாள்.

"சபைக்கு ஒரு தகவல் சொல்லணும் அண்ணா. நேத்து மத்தியானம் பதிவு அலுவலகத்துல எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

சின்னண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றான். பெரியண்ணன் கரண்டியைத் தேடினார்.

"இந்தச் சபையில நிறைவேறினது..."

"இது நாடாளுமன்றத்துக்குக் கீழ இருக்கற சபை அண்ணா. நீங்க கதவைப் பூட்டினீங்களே, அந்தச் சட்டப்படிதான் நடந்துச்சு. அலுவலக வாசல் பலகையில ஒரு மாசம் எங்க பேரை ஒட்டியிருந்தாங்க. ஆட்சேபணை இருக்கறவங்க வரலாம்னு. யாரும் வரல."

"மசோதாவே போன வாரம்தானே கொண்டு வந்தே," என்றான் சின்னண்ணன். "அதுக்கு முன்னாடியே பலகையில ஒட்டிட்டியா?"

"நீங்க சரின்னு சொல்லிக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் கேட்டுப் பாத்தேன்."

பெரியண்ணனுக்கு நடைமுறையில் ஒரே ஒரு ஓட்டைதான் தென்பட்டது. "சாட்சி யாரு? சாட்சி இல்லாம பதிவு பண்ண மாட்டாங்களே."

"மருந்துக்கடை முதலாளி ஒருத்தர்," என்றாள் தங்கை. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு நான்டா," என்றாள் அம்மா. "கண்ணாடியைச் சரிபண்ணப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். எங்க கையெழுத்துப் போடணும்னு நல்லாவே தெரிஞ்சுது."

பெரியண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். பூட்டத்தான் போனார் என்பதில் சந்தேகமில்லை. சாவி கைக்கு வந்துவிட்டது. அதே நேரம் வெளியே கண்ணாடிக்கடைக்காரர், இந்த வீட்டுக்கு முதல்முறையாக வருகிறவர் என்பதால், கதவைத் தட்டாமல் அழைப்புமணியை அழுத்தினார். பொத்தான் சிக்கிக்கொண்டது. மணி வீறிட்டது.

பெரியண்ணனின் முதுகு தானாக நிமிர்ந்தது. கை கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டது. வெளியே நின்றவர் பொத்தானைப் பார்த்துப் பதறி, மன்னிப்புக் கேட்பது வாயசைவில் மட்டும் தெரிந்தது. மணி நிற்கவில்லை. பூட்ட வேண்டும் என்றது மனசு. மணி அடிக்கும்போது கதவைச் சாத்தியதாக அவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூட இல்லை.

தங்கை அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, பையோடு வந்து அவர் எதிரே நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணிச் சத்தத்தில் கேட்காது என்று தெரிந்து, தலையை மட்டும் அசைத்தாள். முன்வாசல் வழியாக இறங்கினாள்.

படியில் நின்று பொத்தானை நகத்தால் நெம்பியதும் அவள்தான். மணி நின்றது. பெரியண்ணன் கதவைச் சாத்திப் பூட்டினார்.

உள்ளே வந்தபோது மேசைமேல் தட்டுகள் காலியாக இருந்தன. அடுப்பு அணைந்திருந்தது. "ராத்திரிக்கு யார் சமைக்கிறது?" என்று அண்ணி பொதுவாகக் கேட்டாள்.

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கரண்டியை எடுத்துத் தம்ளரை மூன்று தட்டுத் தட்டினாள்.

"மசோதா கொண்டாங்க," என்றாள் மகன்கள் இருவரையும் பார்த்து. "தலைப்பை மட்டும் வாசிச்சாப் போதும்."